இறால் குடல்ல இருக்கிற பாக்டீரியாதான் தீனியைச் செரிக்குதா? 48-ஆம் நாள், வெள்ளை எச்சம்

உப்பனாற்றுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கம் எங்களுக்கு ரெண்டு குட்டை, ஒவ்வொண்ணும் ஒரு ஏக்கர். அப்பா டைகர் இறால் போட்ட காலத்துலேருந்து இதே தொழில்தான். நான் துபாய்ல ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு ஊருக்கு வந்து இது மூணாவது கிராப். வனாமி வகை இறால், குட்டைக்கு 1,20,000 குஞ்சு.

35 நாள் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. அப்புறம் முதல் குட்டையில செக் ட்ரேயில (இறால் தின்னுச்சான்னு பார்க்கத் தண்ணிக்குள்ள இறக்குற தட்டு) தீனி மிஞ்ச ஆரம்பிச்சுது. ஒரு நாளைக்கு 24 கிலோ போன இடத்துல இப்ப 15 கிலோ போட்டாலே மிஞ்சுது. காலையில காத்து தள்ளுற மூலையில வெந்த சேமியா மாதிரி வெள்ளையா எச்சம் மிதக்குது. நேத்து வலை வீசி 20 இறால் எடுத்துப் பார்த்தேன். ஏழு இறால்ல குடல் கோடு வெளுத்து, நடுநடுவுல அறுந்த மாதிரி இருக்கு. சராசரி 5 கிராம்தான், 7 தாண்டியிருக்கணும். ஒரே வீச்சுல 3 கிராமும் வருது, 8 கிராமும் வருது. ரெண்டாவது குட்டை இதுவரை நல்லா இருக்கு.

தீனிக் கடைக்காரர் வந்து பார்த்துட்டு, "குடல்ல இருந்த நல்ல பாக்டீரியா செத்துப்போச்சு. அதுதான் தீனியைச் செரிக்க வைக்கிறது. அது இல்லாததால செரிக்காத தீனி வெள்ளையா வெளிய போகுது"ன்னார். குடலுக்குன்னு ஒரு புரோபயாட்டிக் குடுத்தார், கிலோ 1,800 ரூபாய். ஒரு கிலோ தீனிக்கு 10 கிராம், பைண்டர் போட்டுப் பிசறி நிழல்ல உலர்த்திப் போடச் சொன்னார். பத்து நாள் போட்டாச்சு. ஒரு மாற்றமும் இல்ல. இப்ப அளவை ரெண்டு மடங்காக்கச் சொல்றார்.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அடிப்படையே புரியணும். மாட்டுக்கு மாதிரி இறாலுக்கும் பாக்டீரியாதான் செரிச்சுக் குடுக்குதா? அப்பா சொல்றாரு, "அவன் வயிறு நிறையணும்னா நம்ம இறாலுக்கு வயித்து வலி வரணும்"னு. பக்கத்துக் குட்டைக்காரர் ஆன்டிபயாட்டிக் கலந்து ஒரு வாரம் போடுன்னு வேற சொல்றார். இன்னும் போடல.

வலைவீச்சு:

தம்பி, பாக்டீரியா இல்லாம செரிமானம் ஏது? நமக்கு வயிறு கெட்டா தயிர் சாதம் சாப்பிடறோம்ல, அதே கணக்குதான். நான் தவிடு, வெல்லப்பாகு, ஈஸ்ட் மூணையும் ராத்திரி ஊறப்போட்டு காலையில வடிகட்டித் தீனியில கலந்துடுவேன். மூணு கிராப்பா எனக்கு எஃப்.சி.ஆர். 1.3, அதாவது கிலோ இறாலுக்கு 1.3 கிலோ தீனி. தைரியமா ரெண்டு மடங்கு போடு. பத்து நாள்ல எந்த மருந்து கேட்கும்?

பழைய மைக்ராஸ்கோப்:

தயிரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் மரக்காணம் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தின் லேபில் 19 வருஷம் ஸ்லைடு பார்த்தவள். இப்போது பேரனுக்குச் சோறு ஊட்டுவதுதான் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

மாட்டுக்கு வைக்கோலை உடைக்கும் என்சைம் சொந்தமாகக் கிடையாது. அதன் முதல் வயிறு ஒரு பெரிய தொட்டி. வைக்கோல் அதில் ஊறிக் கிடக்கும், பாக்டீரியா நிதானமாக உடைக்கும். இறாலுக்கு அப்படி ஒரு தொட்டியே இல்லை. வாயில் போன தீனி சில மணி நேரத்தில் மறுபக்கம் எச்சமாக வந்துவிடும். செக் ட்ரே பார்க்கிறவருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அவசரத்தில் ஊறப்போட்டு உடைக்க யாருக்கு நேரம்?

இறால் தானே சமைத்துச் சாப்பிடுகிற பிராணி. இரைப்பைக்குள் பல் இருக்கிறது, தீனியை அங்கே அரைக்கும். அரைத்த கூழ் மயிர் மயிரான ஒரு சல்லடையைத் தாண்ட வேண்டும். கரைந்ததும் மிக நுண்ணிய துகளும் மட்டும் எச்.பி.-க்குள் போகும், மீதி அப்படியே குடல் வழியே வெளியே. எச்.பி., அதாவது ஹெபடோபான்கிரியாஸ், எது என்று தெரியாதவர்களுக்கு: தலை ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புக் கட்டி. இறால் தலையை நசுக்கிப் போட்டால் குழம்புக்கு நிறமும் ருசியும் ஏறுமே, அதுதான். டிரிப்சின், கைமோடிரிப்சின், அமைலேஸ் எல்லாவற்றையும் சுரப்பது அது. செரித்ததை உறிஞ்சுவதும் அது, கொழுப்பைச் சேமித்து வைப்பதும் அது. நமக்கு இருப்பதுபோலப் பெப்சினும் கடும் அமிலமும் இறால் வயிற்றில் கிடையாது. மீன்தூள், சோயா, கோதுமை மாவு கலந்த உங்கள் தீனியைச் செரிக்க எச்.பி. போதும்.

இது வெறும் ஊகம் இல்லை. குஞ்சுக்குத் தீனியாக நாங்கள் பொரிக்க வைக்கும் ஆர்ட்டீமியாவும் இந்த இனத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான். தூத்துக்குடி உப்பளங்களில் செந்நிறமாக நீந்துமே, அது. 1959-இல் ப்ரோவசோலி, ஷிராய்ஷி என்ற இருவர் அதை ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பிற்பாடு அதையே கிருமியில்லாமல் பொரிக்கவைத்து, ஒவ்வொரு பாக்டீரியாவாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சில பாக்டீரியா உதவியது, வைப்ரியோ என்ற பாக்டீரியா இனத்தில் சில கூண்டோடு கொன்றது. பாக்டீரியா இல்லாமலும் செரிமானம் நடக்கும். கெட்டது வந்தால்தான் நடக்காது.

அப்படியானால் குடலில் அத்தனை பாக்டீரியா எதற்கு? ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பாசில்லஸ் என்ற பாக்டீரியா கலந்த தீனி தின்ற இறாலின் குடலில் என்சைம் அளவு கூடுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அது பாக்டீரியா சுரந்ததா, இறாலே கூடுதலாகச் சுரந்ததா என்று பிரிப்பது லேசில்லை. இறால் தன் உரித்த ஓட்டையும் செத்த கூட்டாளியையும் தின்னும். ஓட்டில் இருக்கும் கைட்டினை உடைப்பதில் வைப்ரியோக்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் இறாலிடமும் சொந்தமாகக் கைட்டினேஸ் இருக்கிறது.

குடல் பாக்டீரியாவின் பெரிய வேலை இடம் பிடிப்பது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அது மாதிரி. நல்லது உட்கார்ந்திருந்தால் கெட்டதுக்கு நிற்க இடமில்லை. இன்னொரு கூத்து: இறாலின் இரைப்பைக்கும் பின்குடலுக்கும் உள்பக்கம் ஓடு போலவே கைட்டின் உறை. ஓடு உரிக்கும்போது அந்த உறையும் கழன்று போகும், அதில் ஒட்டியிருந்த பாக்டீரியாவும் போகும். துண்டு போட்ட சீட்டே கழன்று விழுந்த கதை. அதனால்தான் புரோபயாட்டிக்கை ஒருமுறை போட்டுவிட்டு நிறுத்தினால் பிடிக்காது, தொடர்ந்து போட வேண்டியிருக்கிறது. கடைக்காரருக்கு அதில் வருத்தம் இருக்காது.

சீட்டைக் கெட்டவன் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு, குஞ்சு விட்ட சில வாரத்திலேயே இறாலைக் கொல்லும் ஈ.எம்.எஸ். நோயைப் பாருங்கள். 2009 வாக்கில் சீனாவில் தொடங்கி வியட்நாம், தாய்லாந்து என்று பரவி குட்டை குட்டையாகக் காலி செய்தது. காரணம் என்னவென்று 2013-இல்தான் பிடிபட்டது: வைப்ரியோ பாராஹீமோலிடிகஸில் ஒரு வகை. அது இரைப்பையில் உட்கார்ந்துகொண்டு நஞ்சைச் சுரக்கும். நஞ்சு அந்தச் சல்லடையைத் தாண்டி எச்.பி.-க்குள் போய் செல்களைக் கொத்தோடு உதிர்த்துவிடும். சமையல்கட்டே போன பிறகு தீனி எங்கே செரிக்கும்?

இப்போது உங்கள் சேமியாவுக்கு வருகிறேன். இதில் நானே பல வருஷம் தப்பாக எழுதிக் கொடுத்தவள். வெள்ளை எச்சம் வந்த இறாலின் எச்.பி.-யை ஸ்லைடில் நசுக்கிப் பார்த்தால் புழு மாதிரி வழவழவென்று உருவங்கள் தெரியும். கிரிகரைன் என்ற ஒட்டுண்ணி என்று ரிப்போர்ட்டில் எழுதுவேன். பண்ணைக்காரர்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பூண்டுச்சாறும் புழு மருந்தும் வாங்குவார்கள். 2014-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார்கள்: அது புழுவும் இல்லை, எந்த உயிரும் இல்லை. எச்.பி. குழாய்களின் உள்சுவரில் இருக்கும் மெல்லிய நுண்மயிர்கள் உதிர்ந்து சுருண்டு சேர்ந்த குப்பை. அவற்றில் செல்லுக்குரிய கருவே கிடையாது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருப்பேன்!

ஆக அந்த வெள்ளையைச் செரிக்காத தீனி என்று உங்கள் கடைக்காரர் சொன்னது சரியில்லை. அதில் பெரும்பங்கு உங்கள் இறாலின் எச்.பி.-யே உதிர்ந்து வெளியே வருவது.

ஏன் உதிர்கிறது? அதற்கு ஒரே காரணம் கிடையாது. ஆனால் ஒரே வீச்சில் 3 கிராமும் 8 கிராமும் என்றீர்களே, அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. ஈ.எச்.பி. என்று ஒன்று இருக்கிறது. தாய்லாந்தில் டைகர் இறாலில் கண்டுபிடித்து 2009-இல் பெயர் வைத்தார்கள். பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பூஞ்சைக்குச் சொந்தமான மைக்ரோஸ்போரிடியன். அதன் வித்து ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுதான். எச்.பி. செல்லுக்குள் புகுந்துகொண்டு இறாலுக்குச் சேர வேண்டியதைத் தின்றுவிடும். இறால் கொத்தாகச் சாகாது, வளராது. சிறுசும் பெருசுமாகப் போகும். ஈ.எச்.பி.-யோடு வைப்ரியோவும் சேர்ந்தால் வெள்ளை எச்சம் வருகிறது என்று சோதனைத் தொட்டியில் வைத்தே காட்டியிருக்கிறார்கள்.

அதனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எல்லாம் அப்புறம். முதலில் டெஸ்ட். நன்றாக இருக்கும் இறாலை எடுக்காதீர்கள், சிறுத்ததில் பத்து எடுங்கள். எச்.பி.-யைத் தனியே எடுத்து 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு பி.சி.ஆர். பார்க்கக் கொடுங்கள். சென்னையில் சந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பக்கத்தில் நம்பகமான லேப் இருந்தால் அதுவும் சரி. அப்படியே குட்டைத் தண்ணீரையும் ஒரு இறாலின் குடலையும் டி.சி.பி.எஸ். தட்டில், அதாவது வைப்ரியோவை முளைக்க வைத்துப் பார்க்கும் லேப் தட்டில், போடச் சொல்லுங்கள். அந்தத் தட்டில் சர்க்கரை இருக்கும். சர்க்கரையைப் புளிக்க வைக்கிற வைப்ரியோ மஞ்சளாக முளைக்கும், முடியாதது பச்சையாக முளைக்கும். பாராஹீமோலிடிகஸ் பச்சை. வலைவீச்சு அண்ணன் வெல்லப்பாகு போட்டதும் பச்சை குறைவது இதனால்தான், சர்க்கரை தின்பவர்கள் முந்திக்கொள்கிறார்கள். அண்ணே, உங்கள் முறையில் தப்பில்லை, உங்கள் குட்டையில் ஈ.எச்.பி. இல்லை, அவ்வளவுதான். மஞ்சள் எல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரே வரி: போடாதீர்கள். ஈ.எச்.பி. பாக்டீரியா இல்லை, அதற்குக் கேட்காது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகையெல்லாம் தடை. ஏற்றுமதிக்குப் போகும் இடத்தில் மாட்டினால் உங்கள் சரக்கு மட்டும் திரும்பாது, வாங்கினவரும் மாட்டுவார்.

உப்பனாற்றுக்காரன்:

அக்கா, படிச்சுட்டு அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். "அந்தம்மா தான் தப்பா எழுதினதையும் சொல்லுதே, அது பேச்சைக் கேளு"ன்னார். நாளைக்கே சாம்பிள் எடுக்கிறேன். ஒண்ணே ஒண்ணு, அப்ப பாக்டீரியா செரிச்சுக் குடுக்கிற கதையே சிப்பி, நண்டு, இறால் எதுலயும் கிடையாதா?

பரங்கிப்பேட்டை:

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்துவிட்டு, இப்போது சம்பந்தமே இல்லாத வேலை பார்ப்பவன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை அரித்தது.

தம்பி, உங்கள் மதகுப் பலகையைக் கழற்றி ஒருமுறை பாருங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பாகம் உள்ளே சல்லடையாக இருக்கும், வெளியே பார்த்தால் ஊசி முனை அளவு ஓட்டைதான் தெரியும். புழு அரித்துவிட்டது என்போம். அது புழுவே இல்லை, மட்டி இனம். சிப்பியின் பங்காளி. உடம்பு நீண்டு புழு மாதிரி ஆகிவிட்டது, இரண்டு சிறு ஓடும் தலைப்பக்கம் ஒதுங்கி, மரத்தை ராவும் அரமாகிவிட்டன. படகைத் தின்பதும் அதுதான், பிச்சாவரத்தில் விழுந்து கிடக்கும் சதுப்பு மரத்தைத் தின்பதும் அதுதான்.

மரத்தைச் செரிக்கத்தான் பாக்டீரியா வேண்டும். 1983-இல் அந்தப் பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தார்கள். இந்தப் பிராணிகளுக்காகவே ஆயுளைச் செலவழித்த ரூத் டர்னர் என்ற அம்மையாரின் பெயரையே பிறகு அதற்கு வைத்தார்கள், டெரிடினிபாக்டர் டர்னரே என்று. வேடிக்கை என்னவென்றால் அது வசிப்பது குடலில் இல்லை, செவுளில். மரத்தூள் நிறைந்து கிடக்கும் குடல் பையில் பாக்டீரியா ஏறக்குறைய இல்லவே இல்லை. செவுளில் இருப்பவை சுரக்கும் என்சைம் அங்கிருந்து குடலுக்குப் போய்ச் சேர்கிறது. 2014-இல் வெளிவந்த ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. எதிர்வீட்டில் சமைத்து இங்கே சாப்பாடு. கிடைக்கும் சர்க்கரையில் பாக்டீரியாவுக்குப் பங்கு கொடுக்காமல் முழுசாகத் தானே எடுத்துக்கொள்ளலாம் இல்லையா? 2024-இல் அதன் குடலின் ஒரு மடிப்புக்குள்ளும் ஒரு பாக்டீரியாக் கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். கதை இன்னும் முடியவில்லை.

நாம் தின்கிற சாதாரண சிப்பியில் வேறு மாதிரி. அதன் வயிற்றில் கண்ணாடிக் குச்சி மாதிரி ஒன்று சுழன்றுகொண்டே கரையும், என்சைம் அதிலிருந்து வரும். தண்ணீரை விட்டு எடுத்துப் பட்டினி போட்டால் குச்சியே கரைந்து காணாமல் போகும். அந்தக் குச்சிக்குள் ஒரு சுருள் பாக்டீரியா நீந்திக்கொண்டிருக்கும். 1882-இலேயே பார்த்துவிட்டார்கள்.

வலைவீச்சு:

அட, மதகுப் பலகையை வருஷா வருஷம் மாத்துறேன், அது சிப்பின்னு இன்னிக்குத்தான் தெரியும். அக்கா, நீங்க சொன்னது சரின்னு ஒத்துக்கறேன், ஆனா ஊறல் போடறதை நிறுத்தமாட்டேன்.

பழைய மைக்ராஸ்கோப்:

நிறுத்தாதீங்க அண்ணே. வடிகட்டின சக்கையை மட்டும் குட்டையில் கொட்டாதீங்க, அடிமண் கறுத்துவிடும்.

உப்பனாற்றுக்காரன் (பதினாறு நாள் கழிச்சு):

ரிசல்ட் வந்துச்சு. முதல் குட்டை ஈ.எச்.பி. பாசிட்டிவ். ரெண்டாவது நெகட்டிவ். முதல் குட்டை இறால் குடல்ல பச்சைக் காலனி தட்டு முழுக்க இருந்துச்சாம். இன்னும் தீனி போட்டு இழுத்தா நஷ்டம்தான் கூடும்னு முந்தாநாள் பிடிச்சுட்டோம். 780 கிலோ, 110 கவுண்ட், அதாவது கிலோவுக்கு 110 இறால். விலையைக் கேட்காதீங்க. தீனிக் கடைக்காரரும் வந்து நின்னார், ஒண்ணும் பேசல. அவர் மேலயும் எனக்குக் கோவம் இல்ல, அவருக்கும் கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்ததுதான்.

இப்ப குட்டை காய்ஞ்சுக்கிட்டிருக்கு. சுண்ணாம்பு எவ்வளவு போடணும்? மிச்சம் அரைக் கிலோ புரோபயாட்டிக் இருக்கு, அதை ரெண்டாவது குட்டைக்குப் போடலாமா?

பழைய மைக்ராஸ்கோப்:

சுண்ணாம்பு என்றால் வழக்கமாகத் தூவும் விவசாயச் சுண்ணாம்பு இல்லை, அது இந்த வித்தை ஒன்றும் செய்யாது. நீற்றாத சுட்ட சுண்ணாம்பு. ஹெக்டேருக்கு 6 டன் கணக்கு, உங்கள் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 2.4 டன். மண் நன்றாகக் காய்ந்து வெடிக்கட்டும். தூவி, 10-12 சென்டிமீட்டர் ஆழம் உழுது கலந்து, அப்புறம் ஈரப்படுத்துங்கள். மண்ணின் பி.எச். 12-க்கு ஏற வேண்டும், அந்தக் காரத்தில்தான் வித்து சாகும். ஒரு வாரம் அப்படியே விட்டு, மறுபடி காயவிடுங்கள். தூவும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், வேர்வை பட்டால் தோல் வெந்துவிடும். அடுத்த தடவை குஞ்சு எடுக்கும் முன்னே ஈ.எச்.பி.-க்கும் பி.சி.ஆர். பார்த்துவிடுங்கள், வைட் ஸ்பாட் வைரஸுக்குப் பார்ப்பதோடு நிறுத்தாமல்.

புரோபயாட்டிக்கை ரெண்டாவது குட்டைக்குத் தாராளமாகப் போடுங்கள், பழைய அளவிலேயே. கெடுதல் இல்லை. ஆனால் இந்த நோய் இறால் எச்சத்திலும் செத்த இறாலிலும் பரவுவது. வீச்சு வலை, வாளி, செக் ட்ரே எல்லாம் ரெண்டு குட்டைக்கும் தனித்தனியாகத்தானே வைத்திருந்தீர்கள்?

உப்பனாற்றுக்காரன்:

வலை ஒண்ணுதான் அக்கா. நேத்து காலையிலகூட ரெண்டாவது குட்டையில அதைத்தான் வீசினேன்.